நனையாத மிதிபலகை

அந்த வெள்ளிக்கிழமை சரக்கேற்றப் பின்னால் திறந்த பெட்டி வைத்த யுகேஷின் கெப் வண்டி, ஆற்றுக்கு நடுவே வெள்ளம் உருட்டிப் போட்ட ஒரு கல்லின் மேல் வயிற்றைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பக்கத்து ஆசனத்தில் அவனுடைய அக்கா நிஷாந்தினி. கழுத்துக்குக் கீழே நெஞ்சில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை ஒரு கையால் மூடிக்கொண்டு, "பதறாதடா, பதறாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதறியது அவள்தான். குரலில் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பிளாஸ்டருக்கு அடியில் ஒரு குழாய் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் அவளைக் கைவிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. செவ்வாயும் வெள்ளியும் கண்டி ஆஸ்பத்திரியில் அந்தக் குழாய் வழியாக இரத்தத்தை எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவார்கள். குழாய் நனையக் கூடாது, நாள் தவறக் கூடாது. அவள் உயிர் இந்த இரண்டு சட்டத்தில் நின்றுகொண்டிருந்தது, பிள்ளைகளா.

அவர்கள் இருப்பது பன்வில டவுனுக்கு மேலே, தேயிலைக்குள், மேக்கணக்கு என்று சொல்லும் தோட்டப் பிரிவில். போன வருஷத்து மழையில் ஆற்றுப் பாலம் போய்விட்டது. மற்றப் பாதையை மண்சரிவு மூடிவிட்டது. மிஞ்சியது பழைய சப்பாத்துப் பாலம்தான். அதைப் பாலம் என்று சொல்லவே வாய் கூசும். ஆற்றுத் தரையோடு தரையாகக் கொங்கிரீட் போட்டு, ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் காவல் கற்கள் நட்டிருக்கும். தண்ணீர் அதற்கு மேலேதான் ஓடும், வண்டி அந்தத் தண்ணீருக்குள்தான் போகும். ஆம்புலன்ஸ் அக்கரையோடு நின்றுவிடும்.

அன்றைக்கு இறங்கும்போது குறைவாக இருந்த தண்ணீர், வண்டி சிக்கியிருந்த நேரத்தில் ஏறிக்கொண்டே வந்தது. நிஷாந்தினி வேறெங்கும் பார்க்கப் பயந்து, நடுவில் இருந்த காவல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தத் தலையில் ஒரு வாலாட்டிக் குருவி உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

கரையில் நின்ற பெண்கள் கத்தினார்கள்: "நனைஞ்சிருச்சு! திரும்பு! நனைஞ்சிருச்சு!"

பாலம் போன பிறகு மேக்கணக்கில் உண்டான வழக்கம் அது. வண்டி தண்ணீரில் இறங்கி முதல் காவல் கல்லருகே நிற்க வேண்டும். ஏறி இறங்க வண்டிக்குப் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் மிதிபலகை ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாதல்லவா? அதனால் கரையில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பலகை தண்ணீருக்கு மேலே இருந்தால் "காஞ்சிருக்கு" என்பார்கள், போகலாம். தண்ணீர் தொட்டுவிட்டால் "நனைஞ்சிருச்சு", திரும்பிவிட வேண்டும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள், யாராக இருந்தாலும் நின்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். பலகை காய்ந்திருக்கும்போது போய், ஆறு அடித்துக்கொண்டு போன வண்டி ஒன்றுகூட இல்லை.

தேயிலை லொறிக்காரர் கயிறு போட்டு இழுத்ததில் வண்டி கல்லை விட்டு வந்தது, ஆனால் மேக்கணக்குப் பக்கமே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார்கள். இடையில் மெஷின் காலியில்லை, செவ்வாய்க்கிழமை முறைக்குத் தவறாமல் வாங்க, அதுவரைக்கும் தண்ணியைக் குறைச்சுக் குடிங்க என்றார்கள்.

மறுநாள் மழை விட்டு ஆறு வற்றியதும் யுகேஷ் வண்டியை எடுத்துக்கொண்டு அக்குறணைக்குப் போனான். அங்கே கராஜ் வைத்திருந்த ஹாஷிமை அவன் நானா என்பான், அண்ணன் என்று அர்த்தம்; அவருக்கு அவன் வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். குனிந்து பார்த்தவர், 'இருக்குது' என்பதை 'ஈக்குது' என்கிற அவர் ஊர்ப் பேச்சில், நிமிராமலே கேட்டார்.

"என்ன தம்பி, அடிவயிறெல்லாம் செரஞ்சு ஈக்குது?"

"கல்லுல ஏறி உக்காந்திருச்சு நானா. ஒசத்தணும். செவ்வாக்கிழமைக்குள்ள ஒசத்தணும்."

"என்னத்த ஒசத்தணும்? அத மொதல்ல செல்லுங்க."

யுகேஷ் போனை நீட்டினான். தெல்தெனியவில் ரொஹான் என்கிற ஒருவனின் கெப் படம் அதில் இருந்தது. பொடியை, அதாவது வண்டியின் மேல்கூட்டை, மூணு இஞ்சி தூக்கி, முப்பத்திமூணு இஞ்சி டயர் போட்டு, மிருகம் மாதிரி நின்றது.

ஹாஷிம் சிரித்தார். "நீங்க பொண்ணு பாக்கவா போறீங்க, ஆஸ்பத்திரிக்கா போறீங்க?"

"வெளையாடாதீங்க நானா. அக்காவுக்கு ஒரு நாள் தவறிருச்சு. இன்னொரு நாள் தவறுனா…"

ஹாஷிமின் சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு அவனை வண்டிக்கு அடியில் கூட்டிப்போனார்.

"பாருங்க. இது செசி, இரும்புச் சட்டம். அதுக்கு மேலதான் பொடி ஈக்குது. ரெண்டுக்கும் நடுவுல கட்டை வச்சு நீட்டு ஆணி போட்டா, அதுதான் பொடி லிஃப்ட். ஆனா பொடி மட்டும்தான் மேல போகும். கல்லுல இடிச்சது எது? பின்னச்சுல ஈக்கிற இந்த உருண்டை. இது ஈந்த எடத்துலயே ஈக்கும். இத ஒசத்துறது டயர் மட்டும்தான். அதுவும் பாதி. டயர் ரெண்டு இஞ்சி பெருத்தா உருண்டை ஒரு இஞ்சி ஒசரும்."

"அப்ப டயரை மட்டும் மாத்துங்க."

"இப்ப ஈக்கிறது இருவத்தொம்பது. முப்பத்தொண்ணு போட்டா லிஃப்ட் தேவல்ல. பிரேக்கும் நல்லா பிடிக்கும், ஸ்டியரிங்கும் சொன்னபடி கேக்கும். ஒரு இஞ்சி கெடைக்கும். முப்பத்திமூணு போட்டா ரெண்டு இஞ்சி கெடைக்கும், ஆனா டயர் மட்காட்டுல ஒரசும். அதுக்கு எடம் விட பொடிய தூக்கத்தான் வேணும். வண்டி ஒசந்தா வளைவுல ஆடும். அகல டயர் தண்ணியில மெதக்கப் பாக்கும். அதையும் செல்லிட்டேன்."

யுகேஷ் அந்த உருண்டையில் விழுந்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தான். விரல் முழுசாக உள்ளே போனது.

"ஒரு இஞ்சி பத்தாது நானா."

"பத்தாதுதான் போல." ஹாஷிம் தாடியைச் சொறிந்தார். "வேற யாரும் கேட்டா மாட்டேண்டு செல்லியிருப்பேன். சரி, முப்பத்திமூணு போடுவோம். லிஃப்ட் மூணு வேணாம், ரெண்டோட நிப்பாட்டுங்க."

அப்படித்தான் முடிவானது. திங்கட்கிழமை பின்னேரம் வண்டி தயாராக நின்றது. ஸ்டியரிங் தண்டை நீட்டி, பிரேக் குழாய்களை மாற்றி, ஒரு குறை சொல்ல முடியாத வேலை. மிதிபலகையையும் பொடியோடு சேர்த்து மேலே ஏற்றி அழகாகப் பூட்டியிருந்தார். யுகேஷ் வண்டியோரம் குந்திப் பார்த்தான். பலகை நாலு இஞ்சி உயரே போயிருந்தது.

"நானா, இனி எந்தத் தண்ணி இதைத் தொடும்?"

"பிரளயத்துல மெதந்த நூஹு நபிட கப்பல் மாதிரி போங்க" என்றார் ஹாஷிம். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. அவர்கள் இரண்டு பேருமே நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். ஆனாலும் அந்த இடத்தில் இரண்டு பேருக்கும் ஒன்று தோன்றவில்லை.

அன்று வீடு திரும்பும்போது ஆறு வற்றிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை உட்கார்ந்த அதே கல்லின் மேல் வண்டி உரசாமல் ஏறி இறங்கியது. யுகேஷ் கண்ணாடியை இறக்கி அந்தக் கல்லைப் பார்த்து எச்சில் துப்பிவிட்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. நிஷாந்தினியின் காலும் முகமும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அலுமாரியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒவ்வொரு மூச்சும் ஈரத் துணியைக் கிழிப்பது போலக் கேட்டது. வண்டியருகே வந்ததும் காலைத் தூக்கிப் பலகையில் வைக்கப் பார்த்தாள், எட்டவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறியா, ஆனை மேல ஏத்தப் போறியா?" என்றாள் மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "பெரஹரா ஊர்வலத்து ஆனைகூட… சொன்னா மண்டி போடும்டா. இது போடாது."

"பேசாம ஏறுக்கா." யுகேஷ் பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் அவளை நிறுத்தி, இடுப்பைப் பிடித்து ஏற்றினான். முன்பெல்லாம் கனமில்லாத உடம்பு. இப்போது உள்ளே சேர்ந்திருந்த தண்ணீரின் பாரம் அவன் கைக்குத் தெரிந்தது.

ஆற்றங்கரையில் இராஜேஸ்வரியும் இன்னும் சில பெண்களும் இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு, மழைக்குத் தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கொழுந்து மலைக்குப் போகிற வழி. இராஜேஸ்வரிக்குத் தொண்டை பெரிசு. கரையில் பாதி நாள் பலகை பார்த்துச் சொல்வது அவள்தான்.

"என்னாடா யுகேஷு, வண்டிக்கு ஹீல்ஸ் செருப்பு மாட்டிவிட்டிருக்க?"

"பாத்துச் சொல்லுங்கக்கா, நேரமில்ல."

தண்ணீர் பழுப்பாகப் புரண்டு போனது. யுகேஷ் முதல் காவல் கல்லருகே வண்டியை நிறுத்தினான். வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பு என்று சொல்லிவிடுவார்களோ என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டான். இன்றைக்குத் திரும்பினால் அக்கா தாங்க மாட்டாள்.

"காஞ்சிருக்கு!" இராஜேஸ்வரியின் குரல் மழையைத் தாண்டி வந்தது. "நாலு விரக்கடை கீழதான் இருக்கு தண்ணி! நல்லா காஞ்சிருக்கு! போ!"

மற்றப் பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். "காஞ்சிருக்கு! போ! போ!"

அவன் போனான். உட்கார்ந்த கல்லைத் தாண்டும்போது அடியில் ஒரு சத்தம்கூட இல்லை. பார்த்தியா என்று அக்காவைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கல்லு எங்கடா?"

"தாண்டியாச்சுக்கா."

"அதில்லடா. நடுவுல இருக்கிற காவல் கல்லு. குருவி உக்காந்திருந்திச்சே. வெள்ளிக்கிழமை பலகை நனைஞ்சப்பகூட அதோட தலை வெளிய தெரிஞ்சிச்சே. இப்ப காணோமே?"

யுகேஷ் பார்த்தான். கல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் சின்னதாகச் சுழித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையை விடத் தண்ணீர் அதிகம். ஆனால் பலகை காய்ந்திருக்கிறது. எப்படி?

அந்த ஒரு நொடியில் அவனுக்குப் புரிந்தது. தண்ணீர் இறங்கவில்லை, பலகையைத்தான் அவன் தூக்கி வைத்திருக்கிறான். இத்தனை நாளாக "போதும், திரும்பு" என்று சொன்ன பலகை அது. அதை அவனும் ஹாஷிமும் சேர்ந்து நாலு இஞ்சி மேலே ஏற்றி, வாயை அடைத்துவிட்டார்கள்.

"அக்கா, பிடிச்சுக்க" என்றான். அதற்குள் ஸ்டியரிங் அவன் கையில் லேசானது. எவ்வளவு லேசு என்றால், வெறும் தட்டைச் சுற்றுகிற மாதிரி. அகல டயர்கள் தரையை விட்டுவிட்டன. வண்டி முன்னாலே போகாமல் பக்கவாட்டில், பள்ளத்துப் பக்கம், மெதுவாக வழுக்கியது. டொக்கென்று ஒரு சத்தம். பின் டயர் தண்ணீருக்குள் மூழ்கியிருந்த அந்தக் காவல் கல்லில் முட்டி நின்றது. பழைய கல். அது பிடுங்கிக்கொண்டால் அதற்குக் கீழே பாறையும் பள்ளமும்தான்.

ரிவர்ஸ் போட்டுப் பார்த்தான். டயர் சும்மா சுற்றியது. வண்டி தடுத்து நின்றதால் மேல்பக்கத்தில் தண்ணீர் முட்டி உயர்ந்து, அவன் பக்கத்துக் கதவின் அடி விளிம்புக்கு மேலே ஏறிவிட்டது. கரையில் நின்றவர்களுக்கு மறுபக்கம்தான் தெரிகிறது. அங்கே பலகை இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.

"காஞ்சிருக்குடா! ஏண்டா நிக்கிற? போடா!"

நிஷாந்தினி அழவில்லை. பிளாஸ்டரின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை. "தம்பி," என்றாள், "நீ நீந்திருவ. நீ எறங்கிப் போயிரு."

"வாய மூடுக்கா." பின்னால் காலியாகக் கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "உரம் ஏத்திட்டு வர்ற நாளையில எல்லாம் இந்த வண்டி ஒரு நாளும் அசைஞ்சதில்ல. பாரம் இருந்தா டயரு தரையைப் பிடிக்கும்."

"இப்ப உரத்துக்கு எங்கடா போறது?"

அவன் கதவில் முட்டிக்கொண்டிருந்த பழுப்புத் தண்ணீரைப் பார்த்தான்.

"கதவைத் திறப்போம்."

"என்னா?"

"ரெண்டு பக்கமும். தண்ணி உள்ள வரட்டும். அதுதான் இப்ப பாரம்."

இந்தக் கதவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது என்றுதானே இத்தனை பாடு?

"குழாய் நனைஞ்சா?" என்றாள்.

"சீட்டு மேல ஏறி மண்டி போடு. பின்னால பாத்து. சீட்டு முதுகைக் கட்டிப் பிடிச்சுக்க."

மருந்து கொண்டுவந்த சிலிசிலிப் பிளாஸ்டிக் பையை அவள் எடுத்து, நெஞ்சில் வைத்து, தாவணி மாதிரி ஷாலால் இறுக்கிக் கட்டினாள். மூச்சு இழுத்தது. ஒரு முழங்காலை ஏற்றினாள், நின்று மூச்சு வாங்கினாள், மற்ற முழங்காலை ஏற்றினாள். யுகேஷ் ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டே எட்டி அவள் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தான். பிறகு தன் கதவு. ஆறு அதை மூடிப் பிடித்திருந்தது. தோளால் முட்டினான், அசையவில்லை. ஆசனத்தில் முதுகை ஊன்றி இரண்டு காலாலும் உதைத்தான்.

திறந்தது. ஆறு உள்ளே வந்தது.

ஐஸ் மாதிரித் தண்ணீர், சேறு, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள், எல்லாம் அவன் கால்மேல் பாய்ந்து அந்தப் பக்கத்துக் கதவை நோக்கிப் போயின. கரையில் பெண்கள் அலறினார்கள். "கதவைத் திறக்கிறான்டி! பைத்தியம் பிடிச்சிருச்சா இவனுக்கு!" தண்ணீர் அவன் கணுக்காலுக்கு வந்தது, கெண்டைக்காலுக்கு வந்தது. காவல் கல் அடியில் கிறீச்சென்றது. நிஷாந்தினி கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மன் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு வண்டி உட்கார்ந்தது. பெருமூச்சு விட்டு உட்காரும் மாடு போல, ஒரு பக்கம் முதலில், அடுத்த பக்கம் பிறகு. ஸ்டியரிங் அவன் கையில் கனத்தது. அந்தக் கனத்தைப் போல இனிப்பான ஒன்றை அவன் வாழ்க்கையில் பிடித்ததில்லை.

நாலு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்து, சின்ன கியரில், அக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினான். ஒரு அடி, இன்னொரு அடி. கதவுகள் இரண்டும் சிறகு மாதிரித் திறந்து கிடக்க, வண்டி அக்கரையில் ஏறியது. இரண்டு பக்கமும் அருவி மாதிரித் தண்ணீர் கொட்டியது.

"அக்கா."

"ம்."

"குழாய்?"

அவள் ஷாலை விலக்கிப் பையைத் தூக்கிப் பார்த்தாள். "காஞ்சிருக்கு" என்றாள்.

வத்தேகம தாண்டிக் கண்டிக்குப் போகிறவரைக்கும் யுகேஷ் அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுடைய வீக்கத்தைப் பார்த்து ஏசிக்கொண்டே மெஷினில் போட்டார். மத்தியானத்துக்குள் அந்த ஈரத் துணிச் சத்தம் அவள் மூச்சிலிருந்து மெல்ல மெல்லக் குறைந்துபோனது. யுகேஷ் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிச் சேற்றை வடித்துவிட்டு, ஹாஷிமுக்குப் போன் எடுத்தான்.

"நானா, பலகையைக் கீழ எறக்கணும்."

"பலகையா? ஏன், பூட்டு சரியில்லையா?"

நடந்ததைச் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"நானா?"

"ஈக்கிறேன். நீங்க கரையில நிண்டு பலகை பாக்கிற கதைய நீங்க செல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. வண்டிய கொண்டுவாங்க மகன். காசு பேச்சு வேணாம்."

அன்று பின்னேரம் ஆறு வற்றிய பிறகு வீடு திரும்பினார்கள். கரையில் இராஜேஸ்வரி காத்திருந்தாள். நிஷாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தானேடி போ போன்னு கத்துனேன்…"

"பலகை காஞ்சிதானே இருந்திச்சு? கண்ணுக்குத் தெரிஞ்சதத்தானே சொன்ன?" என்றாள் நிஷாந்தினி.

மறுநாள் இராஜேஸ்வரி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அலவாங்கு என்கிற கடப்பாரையோடு ஆற்றில் இறங்கி, போன வெள்ளிக்கிழமை வண்டி உட்கார்ந்த அந்தக் கல்லைப் புரட்டிக் கீழே தள்ளிவிட்டாள். யாருக்கும் அது முன்பு தோன்றவில்லை, பாருங்கள். கல் போன பிறகு ஒரு இஞ்சியே போதும் என்றாகிவிட்டது. ஹாஷிம் கட்டைகளைக் கழற்றினார், முப்பத்தொரு இஞ்சி டயரைப் போட்டார். மிதிபலகையைப் பொடியில் பூட்டாமல் செசியில் பூட்டி, தரையிலிருந்து பழைய உயரத்துக்கே இறக்கினார். யுகேஷ் சொன்ன உயரத்தை நம்பாமல், உயர்த்தாத அதே ரகப் பழைய கெப் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி அளந்தார். நிஷாந்தினி வாளியில்லாமல் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மழை. முதல் காவல் கல்லருகே வண்டி நின்றது.

"நனைஞ்சிருச்சு!" இராஜேஸ்வரியின் தொண்டை கிழிந்தது. "நனைஞ்சிருச்சு! எடுடா பின்னால!"

யுகேஷ் மறுபேச்சில்லாமல் பின்னால் எடுத்தான். நிஷாந்தினி நர்ஸுக்குப் போன் எடுத்தாள். பிந்தினாலும் வாங்க, கடைசி முறைக்குப் போடுறேன் என்றார் நர்ஸ். மழை கொஞ்சம் ஓய்ந்தது. இரண்டு பேரும் கண்ணாடி வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து நடுவில் காவல் கல்லின் கறுத்த தலை வெளியே வந்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு குருவி வந்து அதில் உட்கார்ந்தது.

"வந்திருச்சுடா" என்றாள் நிஷாந்தினி. "வண்டிய எடு."

யுகேஷ் வண்டியை இறக்கி, முதல் கல்லருகே நிறுத்தினான்.

"இன்னும் என்னா?"

"பொறு அக்கா" என்றான், கரைப் பக்கம் காதைத் திருப்பி. "அவங்க சொல்லட்டும்."